மகேஸ்வரி அக்காவின் படிவம்

போன கிழமை ஒரு மாணவி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். கையில் புதுக் கொப்பி, முகத்தில் புது உற்சாகம்.

"மிஸ், பெண்கள் குழு ஒண்டு நடத்தப்போறன். அவையை வச்சே ஆராய்ச்சியும் செய்யலாமோ? ஒரே நேரத்திலை ரெண்டு வேலையும் முடிஞ்சிடுமெல்லே?"

முடியும்தான்... நானும் முடித்தவள்தானே. தேத்தண்ணி ஊற்றும் சாட்டில் குசினிக்குள் போனேன்.

ஆறேழு வருடங்களுக்கு முன் பருத்தித்துறையில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். கடலுக்குப் போகிறவர்களின் மனைவிமார் பன்னிரண்டு பேர் சனிக்கிழமைகளில் வட்டமாக இருப்பார்கள். அவர்களைக் கதைக்க வைப்பது என் வேலை. கதைத்ததை வைத்து ஆய்வு எழுதிப் பட்டம் வாங்குவது என் ஆசை.

அவர்களில் ஒருவரான மகேஸ்வரி அக்காவின் கணவர் கடலுக்குப் போய் அப்போது இரண்டு வருடம். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அக்கா குங்குமப் பொட்டோடுதான் வருவார்.

"வள்ளம் அலையிலை அக்கரைக்கு அடிபட்டுப் போயிருக்கும் மிஸ். அங்கை ஆரும் சோறு குடுத்து வச்சிருப்பினம்."

"ஓம் அக்கா, வருவார்" என்பேன். எல்லோரும் தலையாட்டுவோம். குழுவை நடத்துகிறவளின் வாய் அது.

ஆய்வு செய்கிறவளின் கை? படிவத்தில் 'குடும்ப நிலை' என்று ஒரு கட்டம். அக்காவிடம் கேட்க மனம் வரவில்லை. கேட்காமலே 'விதவை' என்று எழுதிவிட்டேன். அதைப் பெரிய நாகரிகம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்!

பிறகொரு நாள், பெயர், வயது சரியா என்று பார்க்கச் சொல்லி அவரவர் படிவத்தை அவரவர் கையில் கொடுத்தேன். ஒழுங்கான ஆய்வாளர் அல்லவா? அந்தக் கட்டம் எனக்கு நினைவிலேயே இல்லை.

அக்கா எழுத்துக் கூட்டி நெடுநேரம் வாசித்தார். "வயது சரி மிஸ்" என்று மடித்துத் தந்தார்.

அடுத்த சனிக்கிழமை பொட்டில்லாமல் வந்து வழக்கமான இடத்தில் இருந்தார். நான் எழுந்து கிட்டப் போனேன்.

"அக்கா, அது நான் சும்மா..."

"இல்லை மிஸ். நீங்கள் படிச்சனீங்கள். தெரியாமலோ எழுதியிருப்பியள்?"

எல்லார் முன்னிலையிலும் அழுதேன். அக்காதான் என் முதுகைத் தடவிவிட்டார். படிவத்தைக் கிழிக்கலாம் — அந்த நெற்றியை என்ன செய்ய?

பட்டம் கிடைத்தது. சுவரில் மாட்டவில்லை.

"ரெண்டு வேலையும் செய்யலாம் பிள்ளை. ஆனால் வட்டத்திலை சொல்லாததைக் கொப்பியிலை எழுதாதை" என்றேன். மாணவி அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அவள் போனபின் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: எனக்கு என்ன தெரியும், அக்கா? கட்டம் வெறுமையாக இருந்தது, நிரப்பினேன்... அவ்வளவுதான்.