காத்தோட்டிக்காய் சமைக்காத வீடு

ஆடி அமாவாசை நெருங்கினால் எங்கள் வேலியில் காத்தோட்டி காய்த்துவிடும். அதற்குத் தண்ணீர் ஊற்றுவாரும் இல்லை, பார்ப்பாரும் இல்லை. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றில் எங்கள் ஊர் புளியங்கூடல் முழுக்கப் புழுதி பறந்து, கிணற்றின் அடி தெரிகிற நாட்களில் அந்த முட்கொடி மட்டும் பச்சைக் காய்களோடு நிற்கும். தகப்பனை இழந்தவர்கள் அமாவாசையன்று விரதமிருந்து, மத்தியானம் சோறு படைத்து, அந்தக் கைப்புக் காயைக் கறியாக்கிச் சாப்பிடுவார்கள். தகப்பன் இருக்கிறவர்களுக்கு அந்த விரதம் இல்லை.

சண்டைக்காலத்தில் என் கணவர் ஒருநாள் காலை சைக்கிளில் ஊர்காவற்றுறைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. யார் கொண்டுபோனார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை. உடலும் இல்லை, கண்டவரும் இல்லை. நான் பொட்டை அழிக்கவில்லை. மகனை விரதம் பிடிக்க விடவுமில்லை. அவன் பிடித்தால் அவர் செத்துவிட்டார் என்று நாங்களே சொன்னதாகிவிடும்.

முன்வீட்டுப் பெண் ஒவ்வொரு ஆடியும் வேலிக்கு வருவாள்.

"அக்கா, பத்துக் காய் ஆயட்டோ? உங்களுக்கும் ரெண்டு வைச்சிட்டுப் போகவோ?"

"எனக்கென்னத்துக்கு? நீரே எல்லாத்தையும் கொண்டுபோம்."

எங்கள் வீட்டில் விரதமில்லை என்று தெரிந்துகொண்டுதான் கேட்பாள். ஒருமுறை ஆத்திரத்தில் கொடியை அடியோடு வெட்டிவிட்டேன். மாரி மழைக்குத் தளிர்த்து, அடுத்த ஆடிக்குக் காய்த்தும்விட்டது. வேலியடியில் நின்று அதை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

போன திருவிழாவில் ஒரு பிரசங்கியார் இயற்கையைப் பார்த்து மனம் தெளியச் சொன்னார். மரம் இலையை விடுவதுபோல நாமும் விட்டுவிட வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் எங்கள் பனைகளை அண்ணாந்து பார்த்ததில்லைப் போலும். காய்ந்த ஓலை லேசில் விழாது. காற்றில் அடிபட்டபடி மரத்திலேயே தொங்கும். நான் கடவுளைக் கும்பிட்டதும் அப்படித்தான், பதில் வருமென்ற நம்பிக்கை காய்ந்த பிறகும்.

இந்த ஆடி அமாவாசை பின்னேரம் லண்டனிலிருந்து மகன் தொலைபேசியில் பேசினான்.

"அம்மா, நான் இண்டைக்கு விரதம். தமிழ்க் கடையிலை காத்தோட்டிக்காய் வாங்கிச் சமைச்சுப் படைச்சிட்டன். நீங்கள் சொன்னாத்தான் சாப்பிடுவன்."

"ஆரைக் கேட்டுப் பிடிச்சனீ? உன்ரை அப்பாவை நீயே கொல்லப்போறியோ?" என்று கத்தினேன்.



"எனக்கு இப்ப அப்பாவைவிட ஏழு வயசு கூட, அம்மா."

வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எட்டிப் பார்த்தது தலை நரைக்காத ஒரு முப்பத்தைந்து வயதுக்காரனை. என் மகனைவிட இளையவனை. அவன் இப்போது உள்ளே வந்தால், இந்தக் கிழவி யாரென்று கேட்பான். எனக்கும் மகனுக்கும் எத்தனையோ மாரியும் கோடையும் வந்து போய்விட்டன. அவருக்கு ஒன்றுகூட வரவில்லை. அது எனக்கு எப்போதோ தெரியும். தெரிந்துகொண்டே, தகப்பனுக்கு ஒரு பிடி சோறு வைக்க விடாமல் என் பிள்ளையை இத்தனை வருஷம் மறித்திருக்கிறேன். என்னை நினைக்க எனக்கே வெறுப்பாக இருந்தது.

தொலைபேசியில் அவன் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே மத்தியானம் கழிந்திருக்கும்.

"சோறு ஆறப்போகுது, சாப்பிடு" என்றேன்.