தவறான ஜன்னல்

டாக்டர் கைவிரித்த பிறகு என் மனைவி ஒன்றுதான் கேட்டாள்: ஃபுஜி மலையைப் பார்க்க வேண்டும். டோக்கியோவிலிருந்து ஒசாகா போகும் அதிவேக ரயிலில் வலப்பக்க ஜன்னல் எடுத்தேன், மேகம் மறைத்துவிட்டது. திரும்பும்போது மலை இடப்பக்கம் வருமே என்று கணக்குப் போட்டு, வரிசையின் மறுகோடி இருக்கையைப் பதிவு செய்தேன். வண்டி திரும்பாமல் அப்படியே பின்னோக்கி வரும், போகும்போது உட்கார்ந்த அதே இருக்கைதான் மலைப் பக்கம் என்பது எனக்குத் தோன்றவில்லை. எதிர்ப்பக்கத்தில் எல்லோரும் செல்போனை உயர்த்தியபோதுதான் புரிந்தது. அவளைத் தாங்கி எழுப்புவதற்குள் மலை போய்விட்டது.

"பயணத் திட்டத்தை நோட்டு நோட்டா எழுதி வெச்சு, இதுல கோட்டை விட்டீங்களே!" என்று சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றாள்.

மயிலாப்பூருக்குத் திரும்பிய ஏழாவது வாரம் அவள் போய்விட்டாள். அடுத்த தடவை கிடையாது என்பது அந்த ரயிலிலேயே எங்கள் இருவருக்கும் தெரியும். இருந்தும் 'சரி' என்று தலையாட்டினேன். வேறெதுவும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.