முழு விலாசத்தோடு ஒரு பம்ப்

என் கணவர் ஹோரஸ் டிபெட்ஸுக்குக் கையில் கிடைத்ததில் எல்லாம் பேர் பொறிக்கும் வியாதி. பர்மிங்காம் பட்டறைகளில் கண்ணை மூடித் திறப்பதற்குள் சுத்தியல் காணாமல் போகும். அதனால் எல்லோரும் தங்கள் சாமான்களில் முதலெழுத்தை அடித்து வைப்பார்கள். இவருக்கு அது போதாது. முழுப் பேர், கதவு எண், தெரு, ஊர் எல்லாம் அடிப்பார். மண்வெட்டி, டீக்குவளை, சைக்கிள் பம்ப் எதுவும் தப்பவில்லை. நான் தப்பியது என் அதிர்ஷ்டம்.

அப்படிப்பட்ட மனுஷனை யுத்த காலத்தில் அடையாளம் அழிக்கிற வேலையில் போட்டார்கள். உளவாளிகளுக்காகச் சத்தம் வராத கைத்துப்பாக்கி. எதிரியிடம் சிக்கினாலும் எங்கே செய்தது என்று தெரியக் கூடாது. கைப்பிடியைக் கழற்றிவிட்டால் வெறும் கறுப்புக் குழாய், அச்சு அசல் சைக்கிள் பம்ப் மாதிரியே இருக்கும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு எழுத்து தென்பட்டாலும் அரத்தால் ராவிவிட்டு, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைப்பது ஹோரஸின் வேலை.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. "பம்ப் செய்யறோம்" என்று மட்டும்தான் சொல்வார். பக்கத்து வீட்டு மிஸஸ் பர்ஸ்லோவுக்கு அது போதாதா? துணி காயப்போடும்போதெல்லாம் ஆரம்பிப்பாள்.

"என் பசங்க ரெண்டு பேரும் பாலைவனத்துல டாங்கியோட மல்லுக்கட்டறாங்க. உன் வீட்டுக்காரர் இங்க காத்தடிக்கிறாராக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஈரத்துணியை அவள் பக்கமாகவே உதறுவேன்.

நாற்பத்து மூன்று, ஏப்ரல். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். "டயர்ல காத்து இல்லை. பம்ப் கம்பெனி வீட்டுலயே கேக்கலாம்னு வந்தேன்."

ஹோரஸின் சைக்கிளில் மாட்டியிருந்ததை உருவினேன். இழுத்தேன், வரவில்லை. திருகினேன், முழங்காலில் வைத்து அமுக்கினேன். காற்று எங்கேதான் அடைத்திருக்கிறது என்று ஓட்டையில் கண்ணை வைத்துக்கூடப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துக் கொல்லைக் கக்கூஸிலிருந்து ஹோரஸ் வந்தார். முகம் வெளுத்துப் போயிற்று.

"வினி, அதைக் கீழ வை. மெதுவா. மிஸஸ் பர்ஸ்லோ பக்கம் திருப்பாத."

"ஏன், காத்துப் பட்டா அவங்களுக்குச் சளி பிடிச்சிடுமா?"

"இந்த லட்சணத்துல பம்ப் செஞ்சா யுத்தத்துல ஜெயிச்ச மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். எனக்கு மானமே போயிற்று. குண்டெல்லாம் கைப்பிடிக்குள்தான் இருக்கும் என்பதால் அன்றைக்கு யார் உயிரும் போகவில்லை.

நடந்தது இதுதான். முந்தின நாள் பட்டறையில் கரண்ட் போய்விட்டது. குண்டு விமானங்களுக்கு வெளிச்சம் தெரியாமலிருக்க ஜன்னலெல்லாம் கறுப்புச் சாயம் அடித்தது; பட்டப்பகலிலும் கும்மிருட்டு. தன் டயருக்குக் காற்றடித்துவிட்டு மேஜைமேல் வைத்திருந்த பம்பைத் துப்பாக்கியென்று நினைத்துத் தடவி எடுத்து, காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் போட்டுவிட்டார். துப்பாக்கிக் குழாய் சைக்கிளில் ஏறிவிட்டது. வாசல் காவலாளி பம்பைப் போய்ச் சோதிப்பானா?

திங்கட்கிழமை குழாயைத் திருப்பிக் கொண்டு போனார். பெட்டி போய்விட்டிருந்தது. மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"எந்தப் பெட்டி?" என்றாராம் மேஸ்திரி. "இங்க பெட்டியே கிடையாது. நீ செய்யறது பம்ப்தானே? போய்ச் செய்."

அன்றிலிருந்து ஹோரஸுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. எதிரி மண்ணில் எவனோ பாராஷூட்டில் குதித்து, துப்பாக்கி என்று நினைத்துப் பம்பை உருவியிருப்பான். அதிலும் பர்மிங்காம் விலாசம். செத்தே போயிருப்பான், கொன்றது நான்தான் என்று உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தார். விஷயம் தெரியாத நான், "ஒரு ஓட்டைப் பம்புக்கா இப்படி உருகற?" என்று மூன்று வருஷம் கரித்துக் கொட்டினேன். பாவம் மனுஷன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் நெட்டையாக ஒருவர் கதவைத் தட்டினார். டென்மார்க்காரர், பேர் ஆக்ஸெல். கையில் ஒரு பெரிய வெண்ணெய்ப் பொட்டலம். எங்களுக்கு வாராவாரம் பங்கீட்டில் கிடைப்பது சுண்டுவிரல் அளவுதான். என் கண் அதிலேயே இருந்தது. அவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிமிர்ந்து நின்று ஒப்பித்தார்: "ஹோரஸ் டிபெட்ஸ், பதினேழு, டானர்ஸ் தெரு, பர்மிங்காம்." பிறகு பையிலிருந்து பம்பை எடுத்தார்.

ஹோரஸ் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். "நீங்க... சாகலையா?"

"இன்னும் இல்லைங்க. ஜெர்மன்காரங்க பிடிச்சிருந்த எங்க நாட்டுல, ஒரு வயல்ல குதிச்சேன். எனக்காக வேலியோரமா ஒரு சைக்கிள் வச்சிருந்தாங்க, ரெண்டு டயர்லயும் காத்து இல்லை. ரோட்டுல ஜெர்மன்காரங்க லாரி வருது. காகிதத்தைப் பிரிச்சா இது. முதல்ல உங்களைத் திட்டினேன், மன்னிச்சுக்கங்க. அப்புறம் காத்தடிச்சேன். ஆறு பேர் வந்தாங்க. துப்பாக்கி இருந்திருந்தா சுட்டிருப்பேன், ஒருத்தனோட என் கதையும் முடிஞ்சிருக்கும். சைக்கிள்ல போற விவசாயியை அவங்க திரும்பிக்கூடப் பாக்கலை. அப்புறமா உங்க விலாசத்தை மனப்பாடம் பண்ணிட்டு ராவி எடுத்துட்டேன்."

ஹோரஸ் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், என்ன ஏதென்று முழுசாகப் புரியாமலே. பிறகு அவர் மூக்கைச் சிந்திவிட்டு, பம்பைக் கையில் வாங்கி, பேர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"சுத்தமா ராவலையே" என்றார். "வெளிச்சத்துல பிடிச்சா டி தெரியுது."

அன்றைக்கு வெண்ணெய் தடவி ஆறு துண்டு ரொட்டி தின்றார். நான் தடுக்கவில்லை.

மறுநாள் துணி உலர்த்தும்போது மிஸஸ் பர்ஸ்லோ எட்டிப் பார்த்தாள். "நேத்து யாரு வந்தது? வெளிநாட்டு ஆள் மாதிரி இருந்தாரே?"

"டென்மார்க்காரர்" என்றேன். "எங்க வீட்டுக்காரர் பம்ப் நல்லா வேலை செஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போக வந்தார்."