சாக்கைப் பிடித்த கை

நரிவெங்காயம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. பைல் நாடு என்கிற எங்கள் மலைப்பகுதியில், எங்கள் சாமைக் காட்டுக்கு மேலே ஒரு சரிவுப் பாறை. அதன் வெடிப்புகளில் கைப்பிடி மண்தான் இருக்கும். நரிவெங்காயம் அங்கேதான் வளரும். சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் நாங்கள் கண்டதில்லை. கோடையில் இலையே இல்லாமல் பூத்தண்டு மட்டும் நிற்கும். பூவெல்லாம் போய், மழை விழுந்த பிறகுதான் இலை வரும். கிழங்கைச் சுட்டுச் சூட்டோடு மிதித்தால் கால் ஆணி அடங்கும். அம்மாவுக்கு இரண்டு உள்ளங்காலிலும் ஆணி. தலைச்சுமையோடு சோளக்காட்டுக்கு நடக்கிறவள். அவளுக்காக வருஷத்துக்கு இரண்டு கிழங்கு தோண்டுவோம். சிறியதைத் தொடமாட்டோம்.

எங்களிடம் மிளகு வாங்க வரும் அடிவாரத்துக்காரர் ஒரு மழைக்காலத்தில் அந்தக் கிழங்கைக் கேட்டார்.

"நாலு எடுத்துக்குங்க. சிறுசை உட்டுருங்க" என்று சொல்லிவிட்டு அப்பா களை வெட்டப் போய்விட்டார்.

அந்த மனிதர் இலை தெரிந்த இடமெல்லாம் கடப்பாரையை விட்டார். "சாக்கை நல்லா விரிச்சுப் புடி கண்ணு. வாயில கொழுக்கட்டையா?" என்று சிரித்தார். நான் விரித்துப் பிடித்தேன். 'அப்பா நாலுதானே சொன்னார்' என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. சாறு பட்டு இரண்டு கையும் மூன்று நாள் அரித்தது. அது போதாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சுண்டைக்காய் அளவில் ஒன்றை மட்டும் சாக்கிலிருந்து திருடி, வீட்டுக்குப் பின்னால் கல்லிடுக்கில் புதைத்தேன். பாறையில் அதற்கப்புறம் ஒன்றும் முளைக்கவில்லை.

சில வருஷம் கழித்து, ஒரு கோடையில் என் கிழங்கு முதல் தண்டு விட்டது. அந்த மாதமே அந்த அடிவாரத்துக்காரர் நொண்டிக்கொண்டு வந்தார். புறக்கடையில் கல்மேல் உட்கார்ந்து அம்மாவிடம், "கால் ஆணி உசுரை வாங்குதுங்க. அந்தக் கிழங்கு ஒண்ணு கெடைக்குமுங்களா?" என்றார்.

"சாக்குல போட்டுக் கொண்டுபோனது நீங்கதானுங்களே" என்றாள் அம்மா.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு, எங்காச்சும் அந்த இலையைப் பாத்தியா?"

"ஒரு இலையும் இல்லீங்க."

பூத்தண்டு அவர் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றது. இலையைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. எழுந்து போய்விட்டார்.

"தோண்டட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. வெதை விழுவட்டும்" என்ற அம்மா, சுமையைத் தூக்கிக்கொண்டு கால் ஓரத்தை ஊன்றி ஊன்றி நடந்தாள். அவரைப் போலவேதான் நொண்டினாள்.