ஆறவைத்து அளந்தவன்

சாலமோன் யார் வாய்ச்சொல்லையும் நம்பமாட்டான். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று மனைவி பிரின்சி சொன்னாலும் கரண்டிக்குக் கை நீட்டுவான். கெட்ட குணம் என்று நினைத்துவிடாதீர்கள், தொழில் குணம். கும்மிடிப்பூண்டியில் வண்டிகளுக்கு இரும்புத் தண்டு செய்கிற கம்பெனியில் பதினோரு வருஷமாக அளவு பார்க்கிறான். மெஷினிலிருந்து சூடாக வருகிற தண்டை அப்படியே அளந்தால் அளவு பொய்யாக வரும். ஏசி அறையில் ஆறவிட்டுத்தான் அளக்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒருநாள் அவசரப்பட்டுச் சூட்டோடு அளந்துவிட்டான். ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்தது, நாலு பேர் நடுவில் தலைகுனிந்து நின்றான். அன்றோடு ஆறாத எதையும் அவன் அளப்பதில்லை.

அவனுக்கிருந்த ஒரே ஆசை கம்ப்யூட்டர் விளையாட்டு. மழையில் நனைந்த ஒரு பெரிய நகரம், தெருவெல்லாம் விளக்கு, அதில் வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கம்ப்யூட்டரில் படத்தை ஓட்டுகிற அவனுடைய பழைய கிராஃபிக்ஸ் கார்டுக்கு அந்த மழை தாங்கவில்லை. படம் விக்கி விக்கி நின்றது.

அவன் குடியிருக்கிற மீஞ்சூரிலேயே மோசஸ் என்கிறவன் ஒரு கேமிங் சென்டர் நடத்தி மூடிவிட்டான். அவனிடம் இரண்டு கார்டு மிச்சம். ஒன்று மூன்று விசிறி வைத்த நீளக் கார்டு, இன்னொன்று ஒற்றை விசிறிக் குட்டைக் கார்டு. விலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

"ரெண்டையும் ஊட்டுக்கு எடுத்துக்கினு போய் போட்டுப் பாருண்ணா. ஒண்ண வெச்சிக்கோ. இன்னொண்ணுக்குத் திருநின்றவூர்லேர்ந்து ஒரு ஆளு வரான். ஆறு மணிக்குள்ள குடுத்துடணும், அவ்ளோதான்" என்றான். போகிற போக்கில், "என்னக் கேட்டா நீளத்த வெச்சிக்கோ. உன் ஊட்டு ஷீட்டு வெயிலுக்கு அதான் தாங்கும்" என்றும் சொன்னான்.

"நீ சொல்றது இருக்கட்டும். நான் அளந்து பாத்துக்கிறேன்" என்றான் சாலமோன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் உட்கார்ந்தான். நோட்டில் கோடு போட்டான். ஒரே சந்தைத் தெரு, ஒரே மழை, இரண்டு நிமிஷ ஓட்டம். ஒரு நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று திரையின் மூலையில் எண் தெரியும், அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு கம்ப்யூட்டர் பெட்டியை அணைத்து, பக்கத்துத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைத்து, கார்டு கைக்கு ஜில்லென்று ஆகிறவரை காத்திருந்தான். மே மாதம், தகரக் கூரை. பிரின்சி முந்தானையால் விசிறிக்கொண்டு பார்த்தாள்.

"கட்டிக்கினு வந்தவளுக்குக் காத்து இல்ல, பொட்டிக்குக் காத்தா? அதுக்கு இன்னா ஜொரமா?"

"சூட்டோட அளந்தா தப்பா வரும்டி. உனக்குத் தெரியாது."

குட்டைக்கு எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, எழுபத்தொன்று. நீளத்துக்கு அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு, அறுபத்தேழு. மூன்று தரமும் ஒரே மாதிரி வந்தால் பேச்சே இல்லை, குட்டைதான். நீளக் கார்டை அதன் அட்டைப்பெட்டியில் வைத்து, கம்பெனியில் சரக்கோடு அளவுச் சீட்டு போவதுபோல இரண்டு கார்டின் எண்களையும் எழுதி, கையெழுத்தும் போட்டு உள்ளே வைத்து, நாலரை மணிக்கெல்லாம் மோசஸிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

வந்து தகட்டை மூடினான், ஆசையாக உட்கார்ந்தான். பத்து நிமிஷம் ராஜா மாதிரி ஓடியது. அப்புறம் அறுபது. அப்புறம் ஐம்பது. இருபதாவது நிமிஷம் நாற்பத்தொன்று, படம் விக்க ஆரம்பித்துவிட்டது. கரண்டைச் சந்தேகப்பட்டான். ஒயரைப் பிடுங்கிச் செருகினான். விளையாட்டையே திட்டினான். மறுபடி நாற்பத்தொன்று.

"மத்தியானம் நல்லாத்தான் ஓடுச்சு! மூணு வாட்டி பாத்தேனே!"

பிரின்சி அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "இப்பவும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருவாட்டி நிறுத்தி ஆற வெச்சி ஆடுவியா?"

சாலமோனுக்கு அப்போதுதான் உறைத்தது. தண்டை ஆறவைத்து அளக்கலாம். சூட்டிலேயே வேலை செய்கிற சாமானைச் சூட்டில்தானே அளந்திருக்க வேண்டும்! மோசஸுக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. பைக்கை எடுத்தால் ரயில்வே கேட் மூடியிருக்கிறது. நிலக்கரி வண்டி ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஹேண்டில் பாரைக் குத்தினான், கைதான் வலித்தது.

அவன் மோசஸிடம் போய்ச் சேர்வதற்கும் திருநின்றவூர் ஆள் கார்டோடு ரயிலேறுவதற்கும் சரியாக இருந்தது.

"சொன்னேனே, கேட்டியா?" என்றான் மோசஸ். "மூணு வருசம் சென்டர்ல ரெண்டையும் ஓட்டுனவன் நானு. நீ ஒரு மத்தியானம் ஓட்டிக்கினு வந்து எனக்குச் சீட்டு எழுதுற!"

அதற்குள் மோசஸின் போன் அடித்தது. திருநின்றவூர்க்காரன்தான். ரயிலில் உட்கார்ந்து சீட்டைப் படித்திருக்கிறான். ஸ்பீக்கரில் குரல் கேட்டது: "அண்ணே, இதுல அந்தக் குட்டைதான் ஜாஸ்தின்னு போட்டுக்கீதே! எனக்கு அத மாத்திக் குடுங்கண்ணே. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கித் திரும்பி வரேன்."

மோசஸ் போனைக் கையால் பொத்திக்கொண்டு கண் சிமிட்டினான். "கர்த்தர் உன்ன கை உடலண்ணா. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

ஒரு வார்த்தைதான். சொன்னால் நீளக் கார்டு வீட்டுக்கு வந்துவிடும், மழையும் நகரமும் வந்துவிடும். சாலமோன் போனைப் பிடுங்கினான்.

"தம்பி, அந்தச் சீட்டு நான் எழுதுனது. எண்ணு கரெக்டு, அளந்த விதம் தப்பு. உன் கையில இருக்கறதுதான் நல்லது. எறங்காத, போ."

"நெஜமாவாண்ணா?"

"போடான்றேன்ல!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தான்.

மோசஸ் தலையில் அடித்துக்கொண்டான். "உன்ன வெச்சிக்கினு அந்தக்கா எப்படித்தான் குடுத்தனம் பண்ணுதோ."

சாலமோன் வீட்டுக்கு வந்தான், சட்டையைக்கூடக் கழற்றவில்லை. விளையாட்டைத் திறந்து ஒவ்வொன்றாகக் குறைத்தான். முதலில் நிழலை எடுத்தான். தண்ணீரில் தெரிகிற விளக்கை எடுத்தான். தெருவில் நடக்கிற கூட்டத்தைப் பாதியாக்கினான். பிரின்சி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, ஊர்ல ஒரு ஆளையும் காணோம்?"

"பேசாத" என்றான் அவன். மழையையும் நிறுத்தினான். அறுபது வந்தது. அரைமணி நேரம் நிறுத்தாமல் ஓட்டி, சூட்டோடு பார்த்தான். அறுபதுதான். வறண்டு கிடந்த அந்தத் தெருவில் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை ஓட்டினான்.