தப்பாகாத கணிப்பு

கல்லூரிக் காற்பந்து ஆட்டக்காரர்களில் யார் யாரைக் கிளப்புகள் எடுக்கும் என்று வருடா வருடம் முகநூலில் கணித்து எழுதும் அண்ணன் ஒருவரை இன்று காலை குளுவாங் நகர ரொட்டி சானாய் கடையில் பார்த்தேன்.

"அண்ணே, இந்த வருஷம் காலேஜ் லீக்ல அதிகமா கோல் போட்டவன் என் தம்பி. அவன் பேர ஏன் போடல?"

அவர் தேநீரிலிருந்து நிமிரவில்லை.

"யாரு நல்லா ஆடுறான்னு நான் எழுதல லா. யார எடுப்பாங்கன்னுதான் எழுதுறேன். போன வருஷம் நம்ம தமிழ்ப் பையன் ஒருத்தன் பேரப் போட்டேன், தங்கச்சி. அது ஒன்னுதான் தப்பாச்சு."

சாயங்காலம் கிளப்புகள் பெயர்களை அறிவித்தன. தம்பி பெயர் இல்லை. அண்ணன் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பாகவில்லை.

அவர் முகநூல் பக்கத்தில் வாழ்த்துகள் குவிகின்றன. முதல் லைக் என் தம்பியுடையது.

நான் சிரிக்கிற பொம்மை போடட்டுமா, கோபப் பொம்மையா? நீங்களே சொல்லுங்கள்.