அத்தையின் பல்லும் வல்லூறுக் குஞ்சும்

பல்செட்காரருக்கு மனுசர்களின் முகம் ஞாபகம் இருக்காது, வாய்தான் ஞாபகம் இருக்கும். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால், "கொஞ்சம் சிரிங்க பார்ப்போம்" என்பார். சிரித்ததும், "ஆங், மேல் வரிசை, ஆறு வருசத்துக்கு முந்தி" என்று ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். இருபத்திரண்டு வருசமாக ஊருக்கே பல் கட்டிய கை அது. அந்தக் கையில் பல் வாங்கி முகம் சுளித்தவர் ஒரே ஒருத்தர்தான். அவருடைய மாமியார்.

முதல் செட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "வேற யாரோ என் வாய்க்குள்ள குடி வந்த மாதிரி இருக்கு மாப்பிள்ளை" என்றார் அந்த அம்மா. இரண்டாவதுக்கு, "பாத்ரூம் செவுத்துல டைல்ஸ் ஒட்டின மாதிரி இருக்கு." மூன்றாவதும் சரிவரவில்லை என்றால் பாலத்தடிப் பல்செட்காரனிடம் போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். சொந்த மாமியார் எதிரிக் கடைப் பல்லோடு தெருவில் நடந்தால், இவர் எந்த மூஞ்சியோடு கடையைத் திறப்பார்?

பல்செட்டை எடுத்த எடுப்பில் கெட்டியாகச் செய்துவிட மாட்டார்கள். முதலில் ரோஸ் நிற மெழுகில் பல்லைப் பதித்து, வாயில் வைத்துப் பார்ப்பார்கள். சரியென்றால்தான் மேற்கொண்டு வேலை. அந்த மெழுகு வெயிலுக்கு இளகும். அதனால் எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, மெழுகு செட்டை அதில் போட்டு, வீட்டோடு சேர்ந்த கடையின், காற்று வரும் ஜன்னலில் வைப்பது அவர் வழக்கம்.

ஜன்னலுக்கு வெளியே ஏசி பெட்டி. ஒரு வாரமாக அதன்மேல் மூன்று வல்லூறுக் குஞ்சுகள். எதிர் மரத்துக் கூட்டிலிருந்து வந்தவை. ஒழுங்காகப் பறக்கவும் தெரியாது, சும்மா இருக்கவும் தெரியாது. துணி கிளிப் மேல் ஒரு பாய்ச்சல், ஸ்பாஞ்சு மேல் ஒரு பாய்ச்சல். இதற்குப் பெயர் வேட்டை.

"உருப்படாத கழுதைங்களா" என்று திட்டிக்கொண்டே, சமையலறையிலிருந்து கறித்துண்டு கொண்டுவந்து வைப்பார் மனுசன். எதில்? அதே எவர்சில்வர் கிண்ணத்தில்.

"என்னங்க, தொழில் பண்ற கிண்ணத்துலயா அதுகளுக்குத் தீனி வைப்பீங்க?" என்று மனைவி சத்தம் போட்டாள்.

"கழுவிட்டுத்தானடி எடுக்கறேன்!"

கழுவினார், உண்மைதான். அது குஞ்சுகளுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது செட்டை மெழுகில் வைத்துப் பார்க்க மாமியார் வரவேண்டியது நாலு மணிக்கு. நாலுக்கு ஐந்து நிமிசம் இருக்கும்போது ஜன்னலில் 'சளக்' என்று ஒரு சத்தம். வழக்கமான கிண்ணம், ரோஸ் நிறம், ஈரப் பளபளப்பு. ஒரு குஞ்சு ஒரே அமுக்காக அமுக்கித் தூக்கிக்கொண்டு ஏசி பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டது.

"டேய்! அது கறி இல்லடா, எங்க அத்தைடா!" என்று அலறினார்.

பின்னாலேயே அத்தை நின்றார். கூடவே மனைவி, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு.

"மாப்பிள்ளை, அது யார் பல்லு?"

"உங்களுதுதான் அத்தை..."

மாமியார் விறுவிறு என்று ஜன்னலுக்குப் போனார். கைப்பையால் கம்பியில் ஓங்கி ஓர் அடி. "குடுறா இங்க!" அந்தப் பொக்கை வாய்ச் சத்தத்தில் குஞ்சு வெலவெலத்து, பல்செட்டை ஏசி பெட்டிமேலேயே போட்டுவிட்டு மரத்துக்கு ஓடியது.

பல்செட்காரர் எடுத்துப் பார்த்தார். நகம் அழுத்தியதில் மேல் வரிசை முன்பல் ஒன்று திரும்பி, பக்கத்துப் பல்மேல் சாய்ந்திருந்தது. போச்சு, பாலத்தடிக்காரனுக்குக் கொண்டாட்டம்தான்.

"ஒரு மணி நேரம் குடுங்க அத்தை, சரி பண்ணிடறேன்."

"எனக்கு அவ்வளவு நேரம் இல்ல. கழுவிக் குடுங்க, பார்ப்போம்."

மருந்துத் தண்ணீரில் மூன்று தடவை முக்கிக் கொடுத்தார். மாமியார் மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். மகள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா! உன் பழைய தெத்துப்பல்லு!"

பல்செட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த வாயையும் மறக்காதவர், இந்த வாயை மட்டும் மறப்பாரா? அந்தக் கோணலைத் தெரிந்தேதான் நேராக்கியிருந்தார், அத்தை சந்தோஷப்படட்டும் என்று.

"இதைத் தொடாதீங்க மாப்பிள்ளை. அப்படியே செஞ்சு குடுங்க."

"கோணலா இருக்கே அத்தை..."

"நாப்பது வருசம் அப்படித்தான் சிரிச்சேன். உங்களுக்கு ரெண்டு செட்டுலயும் புரியல, அதுக்கு ஒரே அமுக்குல புரிஞ்சுடுச்சு."

அவர்கள் காபி குடிக்க உள்ளே போனதும், பல்செட்காரர் ஜன்னலுக்கு வந்தார். குஞ்சு மறுபடியும் ஏசி பெட்டிமேல் உட்கார்ந்து, அலகில் ஒட்டிய மெழுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு அத்தையோட கீழ் வரிசை இருக்கு. நேரத்துக்கு வந்து சேரு."